ஸெனான் விளக்கு துடிக்கிறதா? பணம் கொடுக்கும் முன் பல்பை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்

பிறையிலிருந்தோ பட்டர்வொர்த்திலிருந்தோ பினாங்குப் பாலம் ஏறி வேலைக்குப் போகிறவர்கள், அதிலும் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காரின் ஒரே ஒரு முன்விளக்கு துடித்ததற்காக ஒரு பட்டறையில் 1,970 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். விளக்கு சரியாகவில்லை. கோளாறு அவர்கள் கழற்றியே பார்க்காத பல்பில் இருந்தது.

என்னுடையது ரீகண்ட் கார், அதாவது ஜப்பானில் ஓடிய பிறகு இங்கே இறக்குமதியான பழைய கார். தயாரிக்கும்போதே ஸெனான் விளக்கு பொருத்தியது. வீட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு விளக்கும் நன்றாக எரியும். பத்து நிமிடம் ஓடி, பாலத்தின் மேல் இருக்கும்போது இடது விளக்கு மட்டும் படபடவென்று துடிக்கும். சில நாள் அணைந்துபோய்த் தானாகவே மறுபடி எரியும். அந்தப் பக்கத்து வெளிச்சம் லேசாக ரோஸ் நிறத்துக்கு மாறியிருந்ததையும் கவனித்தேன். வலது விளக்கு ஒரு தடவைகூடத் துடித்ததில்லை. பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர். கொட்டும் மழையில், பக்கத்தில் லோரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போகும்போது ஒரு விளக்கு அணைந்தால் எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். நம் ஆள்தான், அன்பாகப் பேசினார். விளக்கைப் போட்டார், அணைத்தார், பானெட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு பேலஸ்ட்டும் போச்சு தங்கச்சி. ஒண்ணு மட்டும் மாத்தினா அடுத்த மாசம் இன்னொண்ணு போயிடும். புது ஒரிஜினல் போட்டுத் தரேன்" என்றார். பேலஸ்ட் என்பது ஸெனான் பல்புக்கு வேண்டிய அளவில் மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி. அவர் மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. "ஒரு பக்கம் ரோஸ் கலரா தெரியுதே அண்ணே?" என்று கேட்டேன். பழைய காரில் அப்படித்தான் இருக்கும் என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. 1,350 வெள்ளி.

வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் விளக்கைப் போட்டுக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. என் கோளாறு வருவதே பத்து நிமிடம் கழித்துத்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவே பாலத்தில் மறுபடி துடித்தது. திரும்பிப் போனால் இப்போது "ஆல்டர்னேட்டர் வீக்" என்றார், இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகம் அது. இன்னொரு 620 வெள்ளி. அதற்கும் விளக்கு அடங்கவில்லை. மூன்றாவது முறை போனபோது, பெரிய கெல்வின் எண் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) போட்ட நீல வெளிச்ச பல்பு போட்டுக்கொள்ளச் சொன்னார். அதைச் செய்யாததற்கு இன்றும் நிம்மதிப்படுகிறேன். கம்பெனி ஸெனான் பெரும்பாலும் 4,300 கெல்வின் அளவில்தான் இருக்கும். நீலம் கூடக் கூட வெளிச்சம் குறையும், மழையில் சாலையே தெரியாது.

கடைசியில் என் மாமா தனக்குத் தெரிந்த ஒரு கார் வயரிங்காரரிடம் அழைத்துப் போனார். அவர் முதலில் விளக்கை அணைத்து ஆறவிட்டார். பிறகு இடது பல்பை வலது பக்கமும் வலது பல்பை இடது பக்கமும் மாற்றிப் போட்டார். வேறு எதையும் தொடவில்லை. "வாங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். கால் மணி நேரத்துக்குள் துடிப்பு வலது பக்கத்தில் வந்தது! துடிப்பு பல்போடு போனால் பல்பு கோளாறு, அதே பக்கத்தில் நின்றால் பேலஸ்ட், கனெக்டர், எர்த் வயர் என்று தேட வேண்டும் என்றார். ஒரு வெள்ளி செலவில்லாத சோதனை.

அவர் விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஸெனான் பல்பில் ஹாலஜன் மாதிரி சூடேறும் கம்பி கிடையாது. இரண்டு முனைகளுக்கு நடுவே மின்பொறி பாய்ந்துதான் வெளிச்சம் வருகிறது. அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஒரு அடி தேவை. எரியத் தொடங்கிய பிறகு என் காரில் உள்ள டி2எஸ் வகைக்குச் சுமார் 85 வோல்ட், 35 வாட் போதும். இந்த இரண்டையும் சமாளிப்பதுதான் பேலஸ்ட்டின் வேலை. பல்பு வயதாகி முனைகள் தேய்ந்தால் பொறியைப் பிடித்து வைக்க வோல்ட் கூடுதலாக வேண்டும். பேலஸ்ட் தன் எல்லையைத் தாண்டியதும் வெட்டிவிடும், மறுபடி பற்றவைக்கும். நாம் பார்க்கும் துடிப்பு அதுதான். ரோஸ் நிறம் பல்பு கிழமாகிவிட்டதற்கு அடையாளம். நான் முதல் நாளே வாய்விட்டுச் சொன்ன அடையாளம்!

ஆல்டர்னேட்டர் கதையையும் கேட்டார். மின்சாரம் குறைந்தால் இரண்டு விளக்கும் சேர்ந்து மங்கும், டேஷ்போர்டும் மங்கும், ஒரு பக்கம் மட்டும் எப்படித் துடிக்கும் என்றார். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அதைக்கூடக் காட்டாமல் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜோடியாகப் புது பல்பு 320 வெள்ளி. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரண்டு பக்கமும் வெளிச்சம் ஒரே நிறத்தில் இருக்காது, அதனால் இரண்டும் மாற்றினோம். கண்ணாடியில் விரல் படாமல் பிடித்துப் பொருத்தினார். அதற்குப் பிறகு துடிப்பே இல்லை. ஆனால் இதை நீங்களாகவே வீட்டில் கழற்ற வேண்டாம். அந்த 20,000 வோல்ட் விளையாட்டு இல்லை.

"புது ஒரிஜினல்" பேலஸ்ட்டுகளையும் அவர் எனக்குக் காட்டினார். பழைய கார்களை வெட்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் எழுதும் மஞ்சள் மார்க்கர் எண் இரண்டிலும் அப்படியே இருந்தது. ஸ்க்ரூ துளையில் துரு. எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். என் ரசீதில் "லைட் ரிப்பேர்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, அதுதான் இப்போது எனக்குக் கவலை. நீங்கள் பொருளின் பெயர், புதியதா பழையதா, எத்தனை மாத வாரண்டி என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பொருளையும் கையோடு கேட்டு வாங்குங்கள்.

நான் அதைக் கேட்கவில்லை. கோளாறு பல்பில் என்றால் என் பழைய பேலஸ்ட் இரண்டும் நன்றாகத்தான் இருந்திருக்கும். போன வாரம் போய்க் கேட்டேன். தூக்கிப் போட்டாச்சு என்கிறார்.