மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று விற்கிறார்கள், இலையைப் பார்த்து வாங்குங்கள்

மஞ்சள் கரிசலாங்கண்ணி நாற்று வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு நர்சரியில் அந்தப் பெயரைச் சொல்லி என்னிடம் விற்றது, சாலை நடுத்திட்டுகளில் அழகுக்காக வளர்க்கிற வெடிலியா. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், இரண்டும் தரையோடு படரும், இரண்டிலும் மஞ்சள் பூ. ஆனால் ஒன்று காலம் காலமாக நாம் சமைத்து உண்ணும் கீரை. மற்றது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்திலிருந்து வந்த அலங்காரச் செடி.

அம்மா வள்ளலார் வழியில் வருபவர். தூதுவளை, முசுமுசுக்கை, சீரகத்தோடு சேர்க்கச் சொல்லி வள்ளலார் எழுதிய பொற்றலைக் கையாந்தகரை (மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இன்னொரு பெயர்) வீட்டிலேயே வளர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் வாங்கினேன். நட்ட வேகத்தில் தொட்டியை நிரப்பி வெளியே தொங்கியது. முதல் கீரை பறித்துக் கொடுத்தபோது அம்மா ஓர் இலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது கரிசாலை இல்லையப்பா, இவ்வளவு வழவழப்பாக இருக்காது" என்று முறத்தை அப்படியே தள்ளி வைத்துவிட்டார்.

மாமாவின் வயல் வரப்பிலிருந்து உண்மையான கொடி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அசல் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கிறது. இரு பக்கமும் படிந்த மயிர் இருப்பதால் தடவினால் சொரசொரக்கிறது. ஓரத்தில் பல் இருந்தாலும் மேலோட்டமாக ஒன்றிரண்டுதான். வெடிலியாவின் இலை அகலமானது, தடிப்பானது, எண்ணெய் தடவியது போல் மினுங்குகிறது. நுனிக்குக் கீழே இரு பக்கமும் பிதுங்கி, மூன்று மடலாகத் தெரிகிறது. எல்லா இலையிலும் மடல் தெளிவாக இருக்காது, நாலைந்து இலைகளைப் பார்க்க வேண்டும். பூவை நம்பவே நம்பாதீர்கள். வெடிலியாவின் பூ சற்றுப் பெரிது, அவ்வளவுதான். தனியாகப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "இது ஹைப்ரிட் ரகம் சார், அதனால் இலை பெரிதாக இருக்கும்" என்றார் கடைக்காரர். பச்சைப் பொய். இவை வெவ்வேறு இனங்கள். பணத்தையும் தரவில்லை, பெயர் அட்டையையும் மாற்றவில்லை. எனக்கு வயிறு எரிந்தது பணத்துக்காக அல்ல. அதே மேசையில் "மஞ்சள் கரிசலாங்கண்ணிப் பொடி" என்று பொட்டலங்கள் அடுக்கியிருந்தார். பொடியான பிறகு எந்த இலை என்று யார் கண்டுபிடிப்பது? கல்லீரலுக்கு நல்லது என்று நம்பி நோயாளிகள் அல்லவா வாங்கிப் போகிறார்கள்! பொடியாக வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

அசல் செடியை வளர்ப்பது கடினமே இல்லை. வேர்விட்ட கணுவோடு ஒரு துண்டு கிடைத்தால் போதும். மட்கிய தொழு உரம் கலந்த மண், காயாத ஈரம், பாதி நிழல். வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் தானாக வளர்கிற செடி அது. தெரிந்த விவசாயியிடம் கேட்டு வாங்குவதே நல்லது. அவர்கள் பறிக்கும் இடத்தில் பூச்சிமருந்து அடித்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வெடிலியாவை நட்டுவிட்டவர்கள் அதைப் பிடுங்கிக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ எறிந்துவிடாதீர்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. தண்டின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டால் வேர்விடும். எங்கள் தொட்டியிலிருந்து தொங்கிய கொடி கீழே கத்தரிப் பாத்தியிலும் இறங்கிவிட்டது. மண்ணைக் கிளறி, துண்டு துண்டாகப் பொறுக்கி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மொட்டைமாடி வெயிலில் போட்டோம். தண்டு முழுவதும் கருகிச் சருகான பிறகே பையைப் பிரியுங்கள்.