லோரா பயிற்சி என்று சொல்லி வேறு யாருடைய ஃபைலையோ விற்கிறார்கள்: நாகர்கோவில் நகைத் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்கவும்

வடசேரியில் கோயில் நகை செய்யும் குடும்பம் எங்களுடையது. பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்கான தலைசாமான், ராக்கொடி, புல்லாக்கு, ஒட்டியாணம் எல்லாம் வெள்ளியில் அடித்து, கெம்புக்கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டிக் கொடுக்கிறோம். இப்போது ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. "சுட்டியில் அன்னத்துக்குப் பதில் மயில் வைத்தால் எப்படி இருக்கும், ஒரு படம் அனுப்புங்க" என்பார்கள். கையால் வரைந்து காட்ட அரை நாள் போய்விடும். நம் நகைகளையே கற்றுக்கொண்டு படம் போடுகிற ஏஐ இருந்தால் நல்லது என்று தோன்றியது. படம் போடும் பெரிய ஏஐ மாடலுக்கு நம் படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்து உருவாக்கும் சின்ன ஃபைலைத்தான் லோரா என்கிறார்கள்.

செட்டிகுளம் பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் செய்து தருவதாகச் சொன்னார். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. "உங்க டிசைனுக்கென்றே மாடல் பயிற்சி கொடுப்போம், மூன்று வாரம் சர்வர் ஓடணும்" என்றார். மொத்தம் 22,000 ரூபாய். 12,000 ஜிபேயில் முன்பணம்.

புரட்டாசியில் பத்து நாள் மொட்டை மாடியில் கறுப்பு வெல்வெட் விரித்துப் படம் எடுத்தோம். 64 படங்கள். அப்பா தாத்தா காலத்து ராக்கொடியைக்கூடப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். பென்டிரைவில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஃபைலும், மாதிரிக்கு எட்டுப் படங்களும் வந்தன. பார்க்க மினுமினு என்றுதான் இருந்தன. சீசன் நெருக்கம், நானும் அவசரப்பட்டு மீதி 10,000 அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்தப் படங்களில் ஒன்றைத் திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு டான்ஸ் டீச்சருக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார். "அண்ணா, ரெண்டு பக்கமும் சந்திரன் இருக்கே, சூரியன் எங்கே?"

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். தலைசாமானில் ஆடுகிறவருக்கு வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படத்தில் இரண்டு பக்கமும் ஒரே பிறை. சுட்டி இருக்க வேண்டிய இடத்தில் வடநாட்டுக் கல்யாணப் பெண் வைக்கும் மாங் டீக்கா. கெம்பு இல்லை, குந்தன் வேலை மாதிரி வெள்ளைக் கல்.

போன் செய்து கேட்டேன். "ஏஐ அப்படித்தான் சார், போகப் போகக் கத்துக்கும்" என்றார். இது சுத்தப் பொய். பயிற்சி முடிந்த ஃபைல் தானாக எதையும் கற்றுக்கொள்ளாது. திரும்பப் பயிற்சி கொடுத்தால்தான் மாறும்.

லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். "மாமா, அந்த ஃபைலைக் காட்டுங்க" என்றாள். சேஃப்டென்சர்ஸ் என்று முடிகிற ஃபைல். அதன் முன்பகுதியில், மனிதர்கள் படிக்கிற எழுத்திலேயே ஒரு குறிப்பு இருக்கும் என்றாள். கோயா என்ற இலவசப் பயிற்சி மென்பொருள் அந்தக் குறிப்பைத் தானே எழுதி வைக்குமாம். அவள் அதைத் திறந்து ஒவ்வொரு வரியாக வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பயிற்சிப் படங்களின் எண்ணிக்கை: 24. நான் கொடுத்தது 64. படங்களோடு சேர்த்து எழுதிய குறிச்சொற்கள்: குந்தன், லெஹங்கா, பிரைடு (மணப்பெண்), மாங் டீக்கா. கெம்பும் இல்லை, ராக்கொடியும் இல்லை. பயிற்சி தொடங்கிய நேரம் என்று ஒரு நீண்ட எண் இருந்தது. அதைத் தேதியாக மாற்றிப் பார்த்தாள். 2024 ஏப்ரல். நான் படம் கொடுத்தது 2025 அக்டோபரில்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பணம் போனதைவிட, அப்பா துடைத்துத் துடைத்து எடுத்துத் தந்த ராக்கொடியை அந்த ஆள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான் தாங்கவில்லை. யாரோ இலவசமாகப் போட்டு வைத்ததைப் பெயர் மாற்றி என்னிடம் விற்றிருக்கிறார். இதைக் கேட்ட அன்றே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அவர் "எங்க சொந்த மாடல்" என்று சொன்னதும் அப்படித்தான். அடிப்படை மாடல் எஸ்டிஎக்ஸ்எல். ஸ்டெபிலிட்டி ஏஐ என்ற நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். லோரா என்பது அந்தப் பெரிய மாடலைத் தொடாமல் அதன் மேல் சேர்க்கிற சின்ன ஃபைல். இருபது முப்பது நல்ல படம், ஒவ்வொன்றுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒழுங்கான விளக்கவரி இருந்தால், வாடகை ஜிபியுவில் (ஏஐ கணக்குப் போடும் சிப்) சில மணி நேர வேலை. மூன்று வாரம் எந்த சர்வரும் ஓட வேண்டியதில்லை.

அதனால் யாரிடமாவது இதைச் செய்யக் கொடுத்தால், மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் அவர் எழுதிய விளக்கவரி ஃபைல்களைக் கேளுங்கள். உங்கள் படம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்க வேண்டும். உண்மையாக வேலை செய்தவருக்கு அதைத் தருவதில் கஷ்டமே இல்லை. ஃபைலின் குறிப்பையும் உங்கள் முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அதை அழித்துவிட்டுக் கொடுக்கவும் முடியும், ஆகவே அது ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். ஏஐக்குக் கொடுக்கும் வாசகத்தையும், படம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணையும் மாற்றாமல் வைத்து, லோரா இல்லாமல் ஒரு படம், லோராவோடு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் நகை இரண்டாவதில் தெரிய வேண்டும். அப்புறம், தலைசாமான் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பயிற்சியில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடும் வசதி ஒன்று உண்டு, அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நேர்மையாகச் செய்தாலும் சூரியனும் சந்திரனும் பக்கம் மாறிக் குழம்பும்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ஆன்லைனில் பணம் போனதென்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள். நான் ஒரு வாரம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அந்த 64 படங்களுக்கும் அக்கா மகள் இப்போது விளக்கவரி எழுதுகிறாள். எது ஜடைநாகம், எது ராக்கொடி என்று அப்பா பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிறார். வடசேரியிலோ கோட்டாறிலோ வேறு யாராவது அந்த மாடி ஆபீசில் பணம் கட்டியிருந்தால், ஃபைலை எடுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வாருங்கள். திறந்து பார்த்துச் சொல்கிறோம். மீதிப் பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காமல் வாருங்கள்.