கெட்டி வில்லா போறவங்க, அந்த எண்ணெய் முதலாளி கதையத் தெரிஞ்சுக்கிட்டு போங்க

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போனா கெட்டி வில்லாங்கிற மியூசியத்த விட்றாதீங்க. உள்ள போக காசு கிடையாது, ஆனா எத்தன மணிக்கு வரோம்னு ஆன்லைன்ல முன்னாடியே டிக்கெட் எடுத்துடணும், காருக்கு மட்டும் பார்க்கிங் கட்டணும்.

கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சு மூடிப்போன ஒரு ரோமானிய மாளிகைய அப்படியே மாதிரியா வெச்சு கட்டுனது. நடுவுல நீளமா ஒரு குளம், சுத்தி தூணுங்க, ஓரமா கருப்பு வெண்கலச் சிலைங்க. கிட்டப் போய் பாத்தா சிலையோட கண்ணு மட்டும் வெள்ளையா நம்மளயே பாக்குது, என் பொண்ணு பயந்து என் கையப் புடிச்சுக்கிட்டா.

இதக் கட்டுன ஜே. பால் கெட்டி அப்பாவோட சேந்து ஓக்லஹோமால எண்ணெய் நிலம் வாங்கி வித்து, 1916லயே, 23 வயசுல, மில்லியன் டாலர் சம்பாதிச்சவரு. 1949ல சவுதி, குவைத் நடுவுல இருந்த பாலைவனத்த 60 வருஷ குத்தகைக்கு எடுத்தாரு, முன்பணமே 95 லட்சம் டாலர், நாலு வருஷம் தோண்டியும் சரியா ஒண்ணும் கெடைக்கல, 1953ல தான் எண்ணெய் கொட்டுச்சு. அந்தப் பொறுமைய நான் மனசார மதிக்கிறேன். 1957ல அமெரிக்காவுலயே பெரிய பணக்காரர்னு ஃபார்ச்சூன் பத்திரிகை போட்டுது.

ஆனா 1973ல ரோம்ல 16 வயசுப் பேரனக் கடத்திட்டாங்க, 1.7 கோடி டாலர் கேட்டாங்க, தாத்தா குடுக்க மாட்டேன்னுட்டாரு. பையனோட காத அறுத்து பத்திரிகை ஆபீஸுக்கு அனுப்புன பிறகுதான் இறங்கி வந்தாரு, அதுலயும் வரில கழிக்க முடியுற அளவுக்குத்தான் தன் கைக்காசு, மிச்சத்த பையனோட அப்பாவுக்கு, அதாவது தன் சொந்த மகனுக்கே, 4 சதவீத வட்டிக்குக் கடனா குடுத்தாரு. என்னால இத ஏத்துக்கவே முடியல. டிசம்பர்ல பையன விட்டாங்க, அடுத்த மாசமே, 1974 ஜனவரில, இந்த வில்லாவத் தொறந்தாங்க.

அவரு இங்கிலாந்துல இருந்துகிட்டே எல்லாத்தயும் நடத்துனாரு, இந்த வில்லாவ ஒரு தடவகூட நேர்ல பாக்கல. 1976ல செத்தப்புறம் கொண்டுவந்து இந்த எடத்துலயே பொதச்சிருக்காங்க. சொத்துல பெரும்பங்க மியூசியத்துக்கே எழுதி வெச்சாரு, நாம இன்னிக்கு காசில்லாம உள்ள போறது அதனாலதான்.

உள்ள போனா, கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸோட சிலை இருக்குற ரூமுக்கு மொதல்ல போயிடுங்க. 1951ல கெட்டியே ஆசப்பட்டு வாங்குனது, தோள்ல கதாயுதத்தோட நிக்குது. கூட்டம் சேந்துட்டா கீழ இருக்குற பளிங்குத் தரை டிசைன பாக்கவே முடியாது.