10 லிட்டர் முதுகுப்பை: ராயக்கோட்டை மலைக்குப் போதுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைக் கோட்டை மலை ஏற ஒரு குடும்பத்துக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். வழுக்காத ஷூ, தலைக்குத் தொப்பி, இரண்டு கையும் காலியாக இருக்க ஒரு பை. கட்டைப்பையைக் கையில் தொங்கவிட்டு ஏறுபவரால் பாறையையும் பிடிக்க முடியாது, பிள்ளையையும் பிடிக்க முடியாது. விளையாட்டுப் பொருள் கடைகளில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் 10 லிட்டர் முதுகுப்பை இதற்குச் சரியான சாமான்.

ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, சாப்பாட்டு டப்பா ஒன்று, துண்டு, கடலை மிட்டாய், பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. இவ்வளவும் அடங்கும், எடை மூன்றரை கிலோவுக்குள் நிற்கும். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் போகும்போது பெரியவர்கள் ஆளுக்கொரு பை எடுத்தால் தண்ணீர் நான்கு லிட்டர்: பெரியவருக்கு ஒன்றேகால், பிள்ளைக்கு முக்கால். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கிப் பத்துக்குள் இறங்குகிற கணக்கு இது. சித்திரை வெயிலில் பாறை சுடும்போது இது பற்றாது.

வீட்டில் ஸ்கூல் பேக் இருக்கிறதே என்று தோன்றும். அது புத்தகத்துக்குத் தைத்தது. பாதி காலியாகத் தொங்கினால் பாட்டிலெல்லாம் அடியில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு படிக்கும் தோளைப் பின்னுக்கு இழுக்கும். சின்னப் பையில் பாட்டிலை முதுகை ஒட்டி நிறுத்தி, முன்பக்கம் துண்டை அடைத்தால் ஆடாது.

வாங்கும்போது முதலில் தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டதுபோல் தையல் ஓடியிருக்க வேண்டும். ஒற்றைக் கோடாக இருந்தால் பாட்டில் கனத்தில் முதலில் விடுவது அங்கேதான். அந்தப் பையை வைத்துவிடுங்கள். வாங்கிய பைக்கும் நைலான் நூலில் இன்னொரு தையல் போட்டுக்கொள்வது நல்லது. அடுத்தது ஜிப். பையை நிரப்பி, வளைவில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். துணி சிக்கினால் மலையில் கட்டாயம் சிக்கும்.

இந்த விலைப் பைகளின் பெரிய குறை மெல்லிய பட்டை. ஒரு மணி நேரத்தில் தோளில் பதியும். துண்டை மடித்து அடியில் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குப் பட்டை தோளை விட்டு நழுவும். மார்பு உயரத்தில் இரண்டு பட்டையையும் ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டினால் நழுவாது. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் சுமத்த வேண்டாம். துணி மழைக்குத் தாங்காது. போனையும் சாவியையும் பழைய ரெயின்கோட் துணியில் சுற்றி வையுங்கள்.

அடித்துணி கருங்கல்லில் உரசினால் சீக்கிரம் நைந்துவிடும். இளைப்பாறும்போது பையை மடியில் வையுங்கள், இடிந்த மதில் மேல் வேண்டாம். 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை இது, இன்று தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. மதிலிலிருந்து பெயர்ந்து வரும் கல் கீழே வருபவர் மேல் விழும்.

தருமபுரி–ஒசூர் பாதையில் ராயக்கோட்டைக்கு ரயில் உண்டு. ரயிலிலும் இந்தப் பை மடியிலேயே அடங்கும். மிட்டாய்த் தாள், காலிப் பாக்கெட்டுக்கு முன்பக்க ஜிப் அறையை ஒதுக்கிவிடுங்கள். வீடு வந்ததும் பையை உட்புறம் வெளியே திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் இரண்டே நாளில் பூசண வாடை வரும்.