நான்கு பேட்ஜுகளும் ஒரு பெட்டியும்

சென்னைப் புத்தகக் காட்சியில் 650 ரூபாய் கொடுத்து இந்த வாசிப்புப் பயிற்சிப் பெட்டியை வாங்கினேன். திட்டப்போகிறேன் என்பதால் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லவில்லை. வேதாரண்யம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 28 பிள்ளைகள். பாதிப் பேருக்கு மேல் தடங்கல் இல்லாமல் வாசிப்பார்கள். முடித்ததும் “என்ன சொல்லியிருக்கிறது?” என்று கேட்டால், மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு மருந்து என்று மூடியில் அச்சடித்திருந்தது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உள்ளே 60 பத்தி அட்டைகள், ஓர் ஆசிரியர் கையேடு, நான்கு பேட்ஜுகள்.

அட்டைகள் ஏமாற்றம்தான். பின்பக்கத்தில் ஐந்து கேள்விகள். அவற்றில் நான்குக்குப் பத்தியில் இருக்கும் வரியைப் பெயர்த்தெடுத்து வைத்தாலே போதும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தாளில் எழுதி நீட்டினேன்: ‘குமிளன் வெமுதையில் தொகுளினான். அவனுடைய நுவளி பிமிந்தது.’ குமிளன் எங்கே தொகுளினான்? வெமுதையில். எது பிமிந்தது? நுவளி. முழு மதிப்பெண்! எல்லாம் நானே கட்டிய சொற்கள். தொகுளினால் வலிக்குமா, இனிக்குமா என்று எனக்கே தெரியாது. அவர் சிரித்துவிட்டார். நம் பருவத்தேர்வுத் தாள்களிலும் இதே கதைதான் என்பதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

காசுக்குப் பெறுமானம் அந்த நான்கு பேட்ஜுகளில் இருக்கிறது. ஊகிப்பவர், கேட்பவர், தெளிவாக்குபவர், சுருக்குபவர். நான்கு பேர் ஒரு குழு. ஒரு பத்தி முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்ய வேண்டும், பிறகு பேட்ஜ் கைமாறும். இது பெட்டிக்காரர்களின் சொந்தச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் அன்மேரி பாலின்சாரும் ஆன் பிரௌனும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கும் உத்திகள்தான் இந்த நான்கும். எழுத்தை வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு அவர்கள் வேலை செய்தார்கள். அங்கே ஆசிரியர் முதலில் தானே செய்துகாட்டுவார். பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியரின் இடத்துக்கு வருவார்கள்.

அந்தச் ‘செய்துகாட்டுதல்’ இந்தக் கையேட்டில் ஒரே ஒரு வரி. நானும் முதல் நாளே பேட்ஜுகளை மாட்டிவிட்டேன். சுருக்க வேண்டியவன் பத்தி முழுவதையும் ஒப்பித்தான். கேட்க வேண்டியவள் அட்டையைத் திருப்பி, அங்கிருந்த கேள்வியை வாசித்தாள். மூன்று நாள் இந்தக் கூத்து. நான்காம் நாள் நான்கையும் பிடுங்கி என் புடவையில் குத்திக்கொண்டேன். இரண்டு வாரம், மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியபடியே வாசித்துக் காட்டினேன். “இந்த வரி புரியவில்லை, முந்தைய வரிக்குப் போய்ப் பார்க்கிறேன்” என்றால், டீச்சருக்கே புரியவில்லையா என்று ஒரே சிரிப்பு. பிறகு அவர்களும் கூச்சமில்லாமல் “புரியவில்லை” என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

22-ஆம் அட்டை உப்பளம் பற்றியது. ‘நீர் கனத்ததும் அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுவார்கள்’ என்று ஒரு வரி. தெளிவாக்கும் பேட்ஜ் அணிந்திருந்த பெண் நிறுத்தினாள். “நீர் எப்படிக் கனக்கும்?” வகுப்பிலேயே மெதுவாக வாசிக்கிறவன் ஒருவன், அவன் அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார். “குழம்பு சுண்டுவது போல. தண்ணீர் போகப்போக உப்பு அதிகமாகும்” என்றான். பிறகு எழுந்து நின்று, எந்தப் பாத்தியில் நீர் நிற்கும், எதில் உப்பு வாருவார்கள் என்று கையால் காட்டினான். அன்று பத்தியைச் சுருக்கிச் சொன்னதும் அவன்தான், மூன்றே வாக்கியத்தில்.

அவனுக்குத் திடீரென வாசிப்பு வந்துவிடவில்லை. உப்பு தெரியும், அவ்வளவுதான். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டம் தெரிந்த சுமாரான வாசிப்பாளர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசிப்பாளர்களை முந்திவிட்டார்கள். இந்தப் பெட்டியிலோ பனிச்சறுக்கு பற்றி மட்டும் மூன்று அட்டைகள். வேதாரண்யத்துப் பிள்ளை பனியை எங்கே பார்க்கும்? எங்கிருந்தோ எடுத்து அப்படியே மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்த மூன்றையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டேன்.

வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். ஏழு குழுக்களுக்கு நான்கே பேட்ஜ் போதவில்லை; மிச்சத்தைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நானே செய்தேன். அப்படிச் செய்ய முடியும் என்று முன்பே தோன்றியிருந்தால் 650 ரூபாய் மிச்சம். படிக்கக் கொடுப்பதற்குப் பள்ளிக்கு வந்திருக்கும் தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்த அந்தச் சிறு புத்தகங்களோடு இந்த பேட்ஜுகள் அட்டைகளைவிட நன்றாகப் பொருந்துகின்றன. கதையின் பாதியில் மூடிவைத்து ஊகிக்கச் சொன்னால் வகுப்பே கத்துகிறது. பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வருகிறது.

பெட்டியின் மூடி இரண்டாம் மாதமே கிழிந்துவிட்டது. அட்டைகளை இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். சுருக்குபவர் பேட்ஜை மட்டும் இன்னும் ஒருவரும் விரும்பி எடுப்பதில்லை; சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.