மகளின் கொப்பியும் கடந்தகால வினாத்தாள்களும்: ஜி.சி.எஸ்.ஈ ஆங்கிலத்தோடு இரண்டு வருடம்

என் மகள் 2024 கோடையில் ஜி.சி.எஸ்.ஈ எழுதினாள். இங்கே பதினோராம் ஆண்டு முடிவில் பிள்ளைகள் எழுதுகிற பொதுப் பரீட்சை அது. இங்கிலாந்தில் ஆங்கில மொழியும் ஆங்கில இலக்கியமும் தனித்தனிப் பாடங்கள். பாடத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஏ.கியூ.ஏ என்ற பரீட்சை வாரியத்தின் பாடத்திட்டம். பத்தாம் ஆண்டு தொடங்கிய 2022 செப்டெம்பரிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் எதையெல்லாம் வாங்கினோம், எது உதவியது, எதைக் கைவிட்டோம் என்று எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) வரை தமிழில் படித்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். ஆங்கில இலக்கியம் எனக்குப் பழக்கமில்லாத பாடம். அதனால், காசைக் கட்டி ரியூஷனுக்கு விட்டால் சரி என்றுதான் முதலில் நினைத்தேன்.

எட்டு மாதம் விட்டோம். அங்கே ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்துக்கு முழுக் கட்டுரை எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொன்னார்கள். அந்த நாடகம் எழுதப்பட்ட ஜேம்ஸ் மன்னர் காலத்துச் சரித்திரமும் பக்கம் பக்கமாக இருந்தது. பிள்ளை பேராசை பற்றிய கட்டுரையை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பாள். பள்ளிக்கூடச் சோதனையில் கேள்வி பயத்தைப் பற்றி வந்தது. அவள் பேராசையையே எழுதிவிட்டு வந்தாள். கேட்டதற்குப் பதில் இல்லை என்று ஆசிரியை சிவப்பு மையில் எழுதி விட்டிருந்தார். அன்றிரவு அவள் அழுதது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் ஏ.கியூ.ஏ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற கடந்தகால வினாத்தாள்களை இறக்கினோம். வினாத்தாளோடு நின்றுவிட வேண்டாம். புள்ளியிடும் திட்டமும் பரீட்சகர் அறிக்கையும் அங்கேயே இருக்கின்றன. இரண்டு வருடத்தில் எங்களுக்கு அதிகம் உதவியவை அந்த இரண்டும்தான். ஷேக்ஸ்பியர் கேள்விக்கு 34 புள்ளி. அதில் காலப் பின்னணிக்கு வெறும் 6. எழுத்துப் பிழை, நிறுத்தக்குறிக்கு 4. மிச்சம் 24 புள்ளியும் கேள்விக்கு எப்படி விடை சொல்கிறாய், ஆசிரியர் சொற்களை எப்படிக் கையாண்டார் என்று எப்படிக் காட்டுகிறாய் என்பதற்கே. சரித்திரப் பாடமாக்கலுக்கு நாங்கள் எத்தனை சனிக்கிழமைகளைக் கொடுத்தோம் என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். புள்ளிகள் ஆறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். "விளக்கியிருக்கிறது", "தெளிவாக விளங்கியிருக்கிறது", "சிந்தித்து விரித்திருக்கிறது" என்று படிக்குப் படி சொல் மாறும். ஒவ்வொரு கட்டுரையையும் எழுதி முடித்ததும் தான் எந்தப் படியில் நிற்கிறாள் என்று அவளே பென்சிலால் குறித்து வைப்பாள்.

மொழித் தாளில் எங்களைக் கவிழ்த்தது நேரம். முதல் தாள் ஒன்றேமுக்கால் மணித்தியாலம், 80 புள்ளி. கதையோ வர்ணனையோ எழுதச் சொல்கிற ஐந்தாம் கேள்விக்கு மட்டும் அதில் 40. பதினோராம் ஆண்டு மார்கழிச் சோதனையில் எட்டுப் புள்ளிக் கேள்விகள் இரண்டுக்கும் ஒன்றரைப் பக்கம் வீதம் எழுதியிருக்கிறாள். கதை அரைப் பக்கத்தோடு நின்றுபோனது. அதிலிருந்து வீட்டில் தாள் செய்யும்போது குசினி மணிக்கூட்டை முன்னால் வைத்துவிட்டு, ஐந்தாம் கேள்விக்கென்று வைத்த கடைசி 45 நிமிடத்தை மற்றக் கேள்விகளுக்கு எடுக்கவே கூடாது என்று முடிவெடுத்தோம். ஆறேழு தாள் செய்த பிறகு மணிக்கூடு இல்லாமலே அந்த அளவு அவளுக்குள் வந்துவிட்டது.

தடித்த வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வாங்கினோம், பாதி திறக்கப்படவே இல்லை. பிபிசியின் பாட உதவித் தளமான பைட்சைஸ் இலவசம். பஸ்ஸில் போகும்போது கதையை நினைவுபடுத்திக்கொள்ள நல்லது. மேற்கோள் அட்டைகளுக்கென்று மாதக் கட்டணம் கட்டிய ஒரு செயலியை மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டோம். அதில் யாரோ ஏற்றி வைத்த மேற்கோள்களிலேயே சொற்கள் பிழையாக இருந்தன.

அதற்குப் பதிலாக அவள் ஒரு கொப்பி தொடங்கினாள். இலக்கியத் தாளுக்குப் புத்தகம் கொண்டுபோக முடியாது. மக்பெத்துக்கும் டிக்கென்ஸின் கதையான எ கிறிஸ்மஸ் கரோலுக்கும் ஒரு பகுதியை அச்சடித்துத் தருவார்கள். அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ் நாடகத்துக்கு ஒரு வரியும் தரமாட்டார்கள். பாடத்தொகுப்பில் 15 கவிதை. ஒன்றை அச்சடித்துத் தந்து, அதோடு ஒப்பிட இன்னொன்றை நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். ஆகவே கொப்பியின் இடப்பக்கத்தில் மேற்கோள், நாலைந்து சொல்லுக்கு மேல் போகாது. வலப்பக்கத்தில் "ஏன் இந்தச் சொல்?"

அந்த வலப்பக்கத்தை நிரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. நான் மரக்கறி வெட்டும்போது அவள் ஒரு மேற்கோளை வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். நான் கேள்வி கேட்பேன். ஒருநாள், கரோல் கதையில் வருகிற கஞ்சன் ஸ்க்ரூஜ் சிப்பியைப் போலத் தனித்திருந்தான் என்று டிக்கென்ஸ் எழுதிய வரி வந்தது.

"ஏன் சிப்பி? கல்லு எண்டு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கல்லை உடைச்சா உள்ளுக்கும் கல்லுத்தானே அம்மா. சிப்பிக்குள்ள முத்து இருக்கலாம். இந்த ஆள் கடைசியில மாறப்போறான் எண்டு முதலே சொல்லி வைக்கிறார்" என்றாள். சொன்ன கையோடு ஓடிப்போய் எழுதினாள், ஆறு வரி. யாரும் எழுதிக் கொடுத்ததல்ல, அவளுடைய சொந்த யோசனை. புள்ளித் திட்டத்தின் மேல்படிகளில் கேட்பது இதைத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஆங்கிலம் வராத தாய்தகப்பனும் இதைச் செய்யலாம். "ஏன் இந்தச் சொல்?" என்று உண்மையாகவே தெரியாமல் கேட்கிற ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை விளக்கித்தான் ஆக வேண்டும்.

முன்பின் பார்க்காத கவிதைகளுக்கு 32 புள்ளி இருக்கிறது. பாடமாக்க ஒன்றும் இல்லாததால் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நாங்கள் ஞாயிறு தோறும் பழைய தாளிலிருந்து ஒன்றை எடுத்து, பேனா தொடாமல் மூன்று தரம் சத்தமாக வாசிப்போம். கடைசி மாதத்தில் அவள் பயமில்லாமல் போனது அந்தப் பகுதிக்குத்தான்.

ஓகஸ்டில் முடிவு வந்தது. மொழிக்கு 7, இலக்கியத்துக்கு 8. 9தான் ஆகக் கூடிய தரம். மார்கழிச் சோதனையில் மொழிக்கு 5தான் எடுத்திருந்தாள்.

இப்போது கொப்பி தம்பியின் மேசையில் இருக்கிறது. அவனுக்கு மக்பெத் இல்லை, ரோமியோ அன்ட் ஜூலியட். பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் புத்தகங்கள் மாறும், விசாரிக்காமல் எதையும் வாங்கிவிடாதீர்கள். அக்காவின் கொப்பியில் முன்பாதியை கிளிப் போட்டு மூடிவிட்டு, கரோல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறான். சிப்பி வரிக்குக் கீழே அக்கா எழுதியதோடு ஒத்துக்கொள்ளவில்லையாம். சிப்பி தானாகத் திறக்காது, யாராவது திறக்க வேண்டும், அதற்குத்தான் கதையில் ஸ்க்ரூஜிடம் ஆவிகள் வருகின்றன என்று பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறான்.