ஜீப்புக்கு ‘ஃபிளெக்ஸ்’ ஏற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

குமரி மாவட்டத்தில் பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு மலைத்தோட்டத்துக்கு ஏறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேடுபள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்காமல் இருக்கட்டும் என்று வண்டியை உயர்த்திக் கட்டப்போய் எனக்கு 68,000 ரூபாய் போனது. பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். பிரேக் இல்லாமல் மலையிறங்கிய அரை மணி நேரத்தை விட முடியவில்லை.

என்னுடையது மகிந்திரா எம்.எம். 540. அப்பா வாங்கிய வண்டி. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், அதாவது அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள். கீரிப்பாறையைத் தாண்டி மாறாமலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கிராம்பு இருக்கிறது. (2021-இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே கன்னியாகுமரி கிராம்புதான். குறியீடு வந்தது, பாதை வரவில்லை.) வழியில் ஓர் ஓடை. அதைக் கடந்தவுடன் குறுக்கும் மறுக்குமாக இரண்டு பள்ளங்கள். ஒரு மழை பெய்தால் முழங்கால் ஆழம் அரித்துவிடும். அங்கே இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் தொங்கும். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரன்ஷியலின் குணம் தெரிந்ததுதானே: சுழற்சியெல்லாம் தொங்குகிற சக்கரத்துக்கே போய்விடும். நான்கு சக்கரத்துக்கும் கியர் போட்டிருந்தாலும் இரண்டு காற்றில் சுற்றும், இரண்டு மண்ணில் சும்மா நிற்கும்.

இதற்கு மருந்துதான் ‘ஃபிளெக்ஸ்’ என்று இளைஞர்கள் சொல்வது. ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது எதிர்ச்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி, நான்கும் மண்ணை விடாமல் பிடித்திருப்பது. அவ்வளவுதான். ஒரு சக்கரம் ஆகாயத்தில் நிற்கும் ஜீப் படங்களைப் பார்த்து, ஆகா எப்படி வளைகிறது என்று நாம் வாய்பிளக்கிறோமே, உண்மையில் அது வளையாத வண்டி. வளைந்திருந்தால் அந்தச் சக்கரம் கீழே இறங்கியிருக்கும். இது எனக்கு இப்போது தெரிகிறது.

பட்டறையின் பெயரை எழுத மாட்டேன். புகார் நடந்துகொண்டிருக்கிறது, முடியும் வரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். மாவட்டத்தின் மேற்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான்கு அங்குலம் உயர்த்தி, இறக்குமதி ஷாக் அப்சார்பர் போட்டு, நீளமான சாக்கிள் (பட்டையின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புத் துண்டு) மாட்டித் தருவதாகப் பேச்சு. வேலை பாதி நடந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஜேசிபி ஏற்றும் சாய்தளத்தில் வலது முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். சக்கரம் என் இடுப்பு உயரத்துக்குப் போய்விட்டது. மற்ற மூன்றும் தரையில்.

“அண்ணாச்சி, நீங்களே குனிந்து பாருங்கள், ஒரு சக்கரமாவது தூக்கியிருக்கிறதா?”

குனிந்து பார்த்தேன். தூக்கவில்லை. கைபேசியில் வீடியோ எடுத்தேன், மைத்துனருக்கு அனுப்பினேன், அன்று மாலையே பாக்கிப் பணத்தையும் கொடுத்தேன். ரசீது என்று கிடைத்தது ஒரு துண்டுச்சீட்டு. ‘ஜீப் வேலை, 68,000.’

வண்டி கைக்கு வந்த நாளிலிருந்தே கட்டை வண்டி மாதிரி குதித்தது. பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வரவில்லை, நான்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. கேட்டதற்கு, “புதுப் பட்டை அல்லவா, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இளகிவிடும்” என்றார்கள். பட்டை இளகவில்லை. ஓடைப் பள்ளத்தில் முன்பு ஒரு சாண் தொங்கிய சக்கரம் இப்போது ஒரு முழம் தொங்கியது.

இரண்டாவது முறை ஏறியபோது, தொங்கிக்கொண்டிருந்த இடது முன்சக்கரப் பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம். கல் அடித்திருக்கும் என்று நினைத்தேன். திரும்பும்போது மூன்று மூட்டை கிராம்பும் இரண்டு வேலையாட்களும் வண்டியில். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். பாதி வரை போனது. இரண்டாவது வளைவில் தரையைத் தொட்டது. லோ கியரில் முதல் பல்லைப் போட்டு, எஞ்சின் பிடிப்பிலேயே அங்குலம் அங்குலமாக இறக்கினேன். வேலையாட்களை இறங்கச் சொல்லி, ஆளுக்கொரு கல்லோடு பின்னால் நடந்துவரச் செய்தேன். வண்டி ஓடத் தொடங்கினால் சக்கரத்துக்குக் கீழே போட வேண்டும் என்று ஏற்பாடு. அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

தக்கலைப் பக்கம் லாரிகளுக்குப் பட்டை கட்டும் வயதான மேஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு ஸ்குரூ டிரைவரால் அந்த மஞ்சள் நிற ‘இறக்குமதி’ ஷாக்கைச் சுரண்டினார். மஞ்சளுக்குக் கீழே கறுப்பு. இன்னும் சுரண்டியதும் ஒரு நசுங்கல் தெரிந்தது. அந்த நசுங்கல் எனக்குத் தெரியும். காளிகேசம் போன ஒருநாள் நான் பாறையில் இடித்தது. என்னுடைய பழைய ஷாக்கையே வர்ணம் அடித்து எனக்கே விற்றிருக்கிறார்கள்.

வண்டி உயர்ந்துவிட்டது, ஷாக் அதே நீளம். எனவே சும்மா நிற்கும்போதே அது முக்கால்வாசி நீண்டுதான் நின்றிருக்கிறது. சக்கரம் தொங்கியபோது ஆக்சிலின் முழு எடையையும் ஷாக் தாங்க, அதன் கீழ்க்கண்ணை (கீழ்முனையை மாட்டும் வளையத்தை) பற்றவைத்த இடம் பிய்ந்திருக்கிறது. நான் கேட்ட சத்தம் அதுதான். தடுக்க ஆளில்லாமல் ஆக்சில் இன்னும் கீழே இறங்க, நீளம் மாற்றப்படாத பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் குழாய்) இழுபட்டு முனையில் விரிசல் விட்டுவிட்டது.

பட்டையின் கதை இன்னும் மோசம். சாக்கிளை நான்கு அங்குலம் நீட்டினால் வண்டி இரண்டு அங்குலம்தான் உயரும். பட்டையின் ஒரு முனைதானே இறங்குகிறது, ஆக்சில் நடுவில் அல்லவா இருக்கிறது. மிச்ச இரண்டு அங்குலத்துக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு என்று சரக்கு வண்டிப் பட்டைகளை வெட்டிச் சொருகியிருந்தார்கள். ஒரு பட்டையோடு அதே தடிமனில் இன்னொன்று சேர்த்தால் இரண்டு மடங்கு விறைப்பு. ஒரே பட்டையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு விறைப்பு. “மக்களே, இது பாரம் சுமக்கிற பட்டை. உன் ஜீப்பின் எடைக்கு இது வளையாது” என்றார் மேஸ்திரி.

அப்படியானால் சாய்தளத்தில் எப்படி வளைந்தது? வீட்டுக்கு வந்து, நான் எடுத்த வீடியோவையே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒன்பதாவது விநாடியில், இடது முன்சக்கரத்துக்குப் பின்னால், ஷாக்கின் கீழ்முனை எதிலும் மாட்டாமல் பெண்டுலம் போல ஆடிக்கொண்டிருக்கிறது. பட்டைகளை எண்ணினால் பழையவை மட்டும்தான். தடித்தவை அப்போது ஏறவே இல்லை. ஷாக்கைக் கழற்றிவிட்டால் எந்த ஜீப்பும் கொஞ்சம் கூடுதலாக வளையும். பெருமையாக ஊருக்கெல்லாம் அனுப்பிய வீடியோவில் சாட்சி இருந்திருக்கிறது.

மேஸ்திரி தடித்த பட்டைகளை எடுத்தெறிந்தார். பழையவற்றைப் பிரித்துத் துரு எடுத்து, இடையில் கிரீஸ் வைத்துக் கட்டினார். பழைய அளவுச் சாக்கிள், அளந்து வாங்கிய ஷாக், நீளமான ஹோஸ். கூலியோடு 19,500.  பள்ளத்தில் ஒரு சக்கரம் இன்னமும் லேசாக எழும்புகிறது, ஆனால் ஏறிவிடுகிறது.

புகாரைப் பற்றி ஒரு வார்த்தை. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் என் தரப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மாற்றச் சொன்னவன் நான். வழக்கறிஞர் இதைச் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை. அந்தப் பட்டறைக்காரருக்கும் இது தெரியும், அதனால்தான் அத்தனை தைரியம்.

சென்ற வாரம் அவர்கள் இன்னொரு வீடியோ போட்டிருக்கிறார்கள். அதே சாய்தளம், நீல நிற ஜீப், கைதட்டல். வலது முன்சக்கரம் மேலே, இடதுபக்க ஷாக் கீழே ஆடுகிறது. அந்த நீல ஜீப்பின் சொந்தக்காரர் இதைப் படித்தால், மலைக்குப் போகும் முன் இடது முன்பக்கப் பிரேக் ஹோஸை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.